நெத்தியில நோட்டு ஒட்டுற ஊரு: நைஜீரியாவுல பணத்தை ஏன் இப்படி காட்டுறாங்க?

கேள்வி கேட்டவர் கேட்டது சுருக்கமா இதுதான்: பாதிக்கு மேல ஜனம் வறுமையில இருக்கிற நாடுன்னு சொல்றாங்க, ஆனா அங்க இருந்து வர்ற வீடியோவைப் பாத்தா கல்யாணத்துல, ஏன் சாவு வீட்டுல கூட நோட்டுக்கட்டை அவுத்து வீசுறாங்க, ஒரு பாட்டுக்காரர் கார் வாங்கினா அதை நாட்டு பிரச்சனை மாதிரி ஒரு வாரம் பேசுறாங்க, இது என்ன மனநிலை? நான் நைஜீரியாவோட பெரிய நகரமான லாகோஸ்ல இலுப்பேஜு பக்கம் ஒரு கம்பெனியில கணக்குப் பிரிவுல 9 வருஷம் இருந்தேன், அந்த ஜனங்களோட பழகி, அவங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் போய் வந்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

வறுமை உண்மைதான். 2022 நவம்பர்ல அந்த நாட்டு புள்ளியியல் துறையே வெளியிட்ட கணக்குல 13 கோடியே 30 லட்சம் பேர், அதாவது 63 சதவீதம் பேர், வறுமையில இருக்காங்கன்னு வந்துச்சு, அது வெறும் வருமானத்தை மட்டும் வச்சு போட்ட கணக்கு இல்ல, தண்ணி, அடுப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாத்தையும் சேத்துப் பாத்தது. நீங்க பாத்த வீடியோவும் உண்மைதான். ரெண்டும் ஒரே தெருவுல நடக்குது. "இல்லாதவன் ஏன் இப்படி பண்றான்"னு கேட்டுட்டே இருந்தா ஒண்ணும் பிடிபடாது, வீசுற அந்த நோட்டு யார் கைக்குப் போகுதுன்னு பின்னாடியே போய் பாத்தாதான் புரிய ஆரம்பிக்கும், எனக்கு அப்படித்தான் புரிஞ்சுது.

எங்க ஸ்டோர் கீப்பர் அறுபதை நெருங்கின, யொரூபா இனத்துப் பெரியவர், கம்பெனியில எல்லாரும் பாபான்னுதான் கூப்பிடுவோம். அவரோட அம்மா 80 தாண்டி தவறிட்டாங்க. பேரன் பேத்தி எல்லாம் பாத்துட்டு நிறைவா போனவங்களுக்கு யொரூபா ஜனங்க அழுது முடிச்சதும் பெருசா கொண்டாடித்தான் அனுப்புவாங்க, அந்த மாதிரி பார்ட்டிக்கு லாகோஸ்ல ஓவாம்பேன்னு பேர். அகேகே பக்கம் அவங்க தெருவை ரெண்டு முனையிலயும் மறிச்சு பந்தல் போட்டு பிளாஸ்டிக் சேர் அடுக்கியிருந்தாங்க, ஒரு பக்கம் விறகடுப்புல ஜொலோஃப் ரைஸ், இன்னொரு பக்கம் பேண்டு. பந்தலுக்கு வெளிய குடை நிழல்ல ஒரு அம்மா ஸ்டூல் போட்டு மடியில ஹேண்ட்பேகோட உக்காந்திருந்தாங்க, என்னை ஒரு பெரியவர் அவங்ககிட்டதான் மொதல்ல கூட்டிட்டுப் போனார். நான் 20,000 நைராவை (அந்த நாட்டுப் பணம்) ஆயிரம் நைரா நோட்டா கொடுத்தேன், அவங்க எனக்கு 18,000 திருப்பிக் கொடுத்தாங்க, எல்லாம் 50, 100 நோட்டு, மடிப்பே விழாத புது நோட்டு, மிண்ட்டுன்னு சொல்வாங்க, பேங்குல நமக்குக் கிடைக்காத அந்தப் புது நோட்டு அவங்க பையில கட்டுக்கட்டா இருந்துச்சு. அதுதான் அவங்க தொழில்.

உள்ள போனா பாபா நடுவுல ஆடிட்டு இருக்கார். ஆட்டம்னா குதிக்கிறது இல்ல, தோளை மெல்ல அசைச்சு, பெரிய அங்கியோட கையை மடிச்சு மடிச்சு மேல போட்டுக்கிட்டு, ரொம்ப நிதானமா. வர்றவங்க ஒவ்வொருத்தரும் கிட்ட போய் ஒரு நோட்டை உருவி அவர் நெத்தியில ஒட்டுறாங்க, வேர்வையில அது ஒரு நொடி நிக்குது, அப்புறம் விழுது, அடுத்த நோட்டு, அடுத்த நோட்டு, யாரும் அவசரப்படுறதில்ல. இதுக்குத்தான் ஸ்ப்ரே பண்றதுன்னு பேர். பின்னாடியே அவரோட தங்கச்சி பையன் ஒரு பையோட குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிட்டே வர்றான், அவனை அதுக்குன்னே நியமிச்சிருக்காங்க. மத்தளம் மாதிரி அக்குள்ல இடுக்கி வாசிக்கிற பேசும் மேளம் ஒண்ணு உண்டு, அந்த மேளக்காரர் என் பக்கத்துல வந்து பேர் கேட்டார், சொன்னேன், அந்தப் பேரையே மேளத்துல திருப்பித் திருப்பி வாசிச்சார். யொரூபா பாஷையில ஒரே எழுத்தை ஏத்தி இறக்கி சொன்னா அர்த்தம் மாறும், அதனால மேளத்துலயே வார்த்தையைப் பேச வைக்க முடியும். அத்தனை பேர் முன்னாடி நம்ம பேரை மேளம் சொல்றப்போ கை தானா பாக்கெட்டுக்குப் போகுது. கையில இருந்த 18,000மும் அரைமணி நேரத்துல காலி.

திங்கக்கிழமை ஸ்டோர்ல வச்சு பாபா எனக்கு கணக்கு சொன்னார். ஆடுறப்போ விழுந்த காசு மாட்டுக்கும் பந்தலுக்கும் சரியா போச்சு. பேண்டுக்குக் கொடுத்தது அஷோ எபியில, அதாவது விசேஷத் துணி வித்ததுல, வந்த லாபம். மிச்சத்துக்கு அவர் மாசாமாசம் கட்டிட்டு வந்த அஜோ, நம்ம பாஷையில சீட்டு, அதை எடுத்துட்டார். வெளியில இருந்து பாத்தா ஒரே நாள்ல வாரி இறைச்ச காசு மாதிரி தெரியுது, ஆனா அந்த தெரு முழுக்க சேந்து ஒரு ஆளோட செலவைத் தூக்கியிருக்கு, அடுத்த மாசம் இன்னொருத்தர் வீட்டுல பாபா போய் அதே மாதிரி ஒட்டுவார்.

அஷோ எபியைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், அது தெரியாம நைஜீரியாவுல பணம் காட்டுறது பத்தி பேசவே முடியாது. அஷோன்னா துணி, எபின்னா குடும்பம். விசேஷ வீட்டுக்காரங்க ஒரு துணியை தேர்ந்தெடுப்பாங்க, லாகோஸ் தீவுல இருக்கிற பாலோகுன் மார்க்கெட்ல மொத்தமா வாங்கி, மேல கொஞ்சம் விலை வச்சு வர்றவங்களுக்கு விப்பாங்க, அதைத் தைச்சுப் போட்டுட்டுதான் விசேஷத்துக்கு வரணும். அந்தத் துணி போட்டவங்களுக்கு முன்வரிசை சேர், நல்ல கறித்துண்டு, வீட்டுக்குப் போறப்போ வீட்டுக்காரங்க போட்டோ அச்சடிச்ச பிளாஸ்டிக் வாளி, டவல், டப்பா. போடாதவங்களுக்கு சோறு வந்தா வரும். ஆரம்பத்துல இது எனக்கு அநியாயமா பட்டுச்சு, பாபாகிட்ட கேட்டேன். அவர் ஒரு பழமொழி சொன்னார்: "ஏனியான் லாஷோ மி", மனுஷங்கதான் என் துணி. என்னைச் சுத்தி ஆள் இல்லன்னா நான் அம்மணமா நிக்கிறேன்னு அர்த்தம். பென்ஷன் ஒழுங்கா வராத, ஆஸ்பத்திரியில காசு கட்டினாதான் ஊசி போடுற ஊருல ஒருத்தரோட காப்பீடு அவரைச் சுத்தி இருக்கிற ஜனம்தான், அந்த ஜனம் எத்தனை பேர்னு ஒரே கலர் துணியில கண்ணால எண்ணிப் பாத்துக்கிற நாள் அது.

அந்தத் துணி எங்க இருந்து வருதுன்னு பாத்தா இன்னும் சுவாரசியம். யொரூபா பணக்காரங்க உடுத்துற லேஸ் துணி 1960கள்ல இருந்து ஆஸ்திரியாவுல லுஸ்டனாவுன்னு ஒரு சின்ன ஊர்ல நெய்து வருது, அந்த ஊரோட எம்பிராய்டரி தொழிலே நைஜீரியா ஆர்டரை நம்பித்தான் பல வருஷம் ஓடுச்சு. கிழக்குல இக்போ இனத்துப் பொம்பளைங்களும் நைஜர் ஆத்து டெல்டா பக்கத்துக்காரங்களும் விசேஷத்துக்கு இடுப்புல சுத்துற கனமான துணிக்கு "ஜார்ஜ்"னு பேர், அது நம்ம சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில இருந்து வந்த பேர்னு சொல்வாங்க. மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறி கர்ச்சீப் துணி நூத்துக்கணக்கான வருஷமா இங்க இருந்து கப்பல்ல அந்தக் கரைக்குப் போயிருக்கு, டெல்டாவுல இருக்கிற கலபாரி ஜனங்க அதை வாங்கி, நூலை ஒண்ணு ஒண்ணா அறுத்து உருவி, அதுல அவங்களோட சொந்த டிசைனை எடுப்பாங்க. பக்கத்துல உக்காந்து அந்த வேலையைப் பாத்திருக்கேன், ஊசி முனையால நூலைத் தூக்கி பிளேடால அறுக்கிறது, ஒரு துணிக்கு வாரக்கணக்குல ஆகும். பணம் காட்டுறதுன்னு ஒரே வார்த்தையில நாம தள்ளிவிடுற விஷயத்துக்குள்ள இந்த மாதிரி உழைப்பும் கண்ணும் எவ்வளவோ இருக்கு.

சரி, இதெல்லாம் பழைய வழக்கம், இதுல தப்பு எங்க புகுந்துச்சு? என் அபிப்பிராயத்துல ரெண்டு இடத்துல அறுந்துச்சு.

மொதல் அறுப்பு பெட்ரோல். 1973–74ல உலகத்துல எண்ணெய் விலை நாலு மடங்கு ஏறினப்போ, உள்நாட்டுப் போர் முடிஞ்சு நாலே வருஷம் ஆன நைஜீரியா கையில திடீர்னு காசு கொட்டுச்சு. 1974–75ல உடோஜி கமிஷன் பரிந்துரைன்னு அரசாங்க ஊழியர்களுக்கு சம்பளத்தை பெருசா ஏத்தி அரியர்ஸோட மொத்தமா கொடுத்தாங்க, அந்தக் காசு வந்த வாரத்துல கடையில ஃபிரிட்ஜும் ரேடியோவும் மிச்சமில்லாம வித்ததை பெரியவங்க இன்னும் சொல்லுவாங்க. அரசாங்கம் 2 கோடி டன் சிமெண்ட்டுக்கு ஆர்டர் போட்டுச்சு, துறைமுகம் அதுல ஒரு சின்ன பங்கைக்கூட இறக்கி வைக்கிற அளவுக்கு இல்ல, நூத்துக்கணக்கான கப்பல் லாகோஸ் கடல்ல மாசக்கணக்குல காத்துக் கிடந்து சிமெண்ட் கெட்டியாச்சு, காத்துக் கிடந்ததுக்கும் நாடு வாடகை கட்டுச்சு. அதுக்கு முன்னாடி ஒருத்தர் பணக்காரர்னா அவர் கோகோ தோட்டம் வச்சிருக்கார், நிலக்கடலை வியாபாரம் பண்றார், லாரி ஓட்டுறார்னு ஊருக்குத் தெரியும், காசுக்குப் பின்னாடி வேலை கண்ணுக்குத் தெரியும். பெட்ரோல் காசு அப்படி இல்ல, அது டெல்டாவுல மண்ணுக்கடியில இருந்து கெளம்பி தலைநகர்ல யாரோ போடுற ஒரு கையெழுத்துல வருது, யாருக்கு காண்ட்ராக்ட் கிடைச்சுதோ அவன் பெரிய மனுஷன். எப்படி சம்பாதிச்சான்னு கேக்கிற பழக்கமே அப்பத்தான் தேய ஆரம்பிச்சுது. ஜூஜூங்கிற யொரூபா பாட்டு வகை பாடுற அந்தக் காலத்துப் பாட்டுக்காரங்க மேடையில பணக்காரர் பேரைச் சொல்லி, அவங்க அப்பன் பாட்டன் பேரைச் சொல்லி புகழ்ந்து பாடுவாங்க, நோட்டு மழை பெய்யும், காண்ட்ராக்ட் எடுத்தவரும் கோகோ விளைவிச்சவரும் ஒரே பாட்டுல ஒரே மரியாதையோட உக்காந்துட்டாங்க.

கிழக்குல இக்போ ஜனங்களோட கதை வேற, அதையும் இதோட போட்டு குழப்பக்கூடாது. கிழக்கு தனி நாடா பிரிஞ்சதுல நடந்த அந்த உள்நாட்டுப் போர், பியாஃப்ரா போர், 1970ல முடிஞ்சப்போ, போர் சமயத்துல கணக்கைப் புழங்கினவங்களுக்கு, பேங்குல எவ்வளவு போட்டிருந்தாலும் சரி, ஆளுக்கு 20 பவுண்டுதான்னு கொடுத்து அனுப்பினாங்க. ஒரு தலைமுறையோட சேமிப்பு ஒரே நாள்ல போச்சு. அங்க இருந்து மறுபடி கடை வச்சு, பையன்களை வேலைக்குச் சேத்து ஆறேழு வருஷம் தொழில் கத்துக்கொடுத்து கடைசியில முதல் கொடுத்து தனியா அனுப்புற அவங்க வழக்கத்தாலயே எழுந்து வந்தாங்க. டிசம்பர் வந்தா லாகோஸ்ல இருக்கிற இக்போக்காரங்க ஊருக்குக் கெளம்பிடுவாங்க, பாதி வருஷம் பூட்டியே கிடக்கிற மாடி வீட்டைத் திறந்து விளக்குப் போடுவாங்க. அந்த வீட்டுல வாழ்றதுக்காக கட்டல, அழிச்சாங்க, மறுபடி நிக்கிறேன்னு ஊருக்குச் சொல்றதுக்காக கட்டினது. எனக்கு அதைப் பாத்து ஒருநாளும் இளக்காரமா தோணினதில்ல.

ஆனா அளவு மீறிப் போறதும் அங்கதான் பெருசா நடந்துச்சு. 2021 ஜூலையில அனம்ப்ரா மாநிலத்துல ஓபாங்கிற ஊர்ல, நைட் கிளப் தொழிலதிபர் ஓபி குபானா தன்னோட அம்மாவை அடக்கம் பண்ணினார். நாடு முழுக்க இருந்து பணக்காரங்களும் நடிகர்களும் வந்து இறங்கினாங்க, ஒரு நண்பர் மட்டும் 46 மாடு கொடுத்ததா பேப்பர்ல வந்துச்சு, நோட்டுக்கட்டை ஆள் மேல ஆள் எறிஞ்சு விளையாடுற வீடியோவை நானும் ஆபீஸ்ல உக்காந்து பாத்தேன். ரெண்டே வருஷம் முன்னாடி, 2019ல, அதே மாநிலத்துலதான் அடக்க செலவைக் கட்டுப்படுத்த சட்டம் போட்டாங்க, பொணத்தை ரெண்டு மாசத்துக்கு மேல மார்ச்சுவரியில வைக்கக்கூடாதுன்னு கூட அதுல இருக்கு, ஏன்னா அங்க விசேஷத்துக்கு காசு சேக்கிறதுக்காகவே மாசக்கணக்குல ஐஸ்ல வச்சிருப்பாங்க. சட்டம் வந்ததுக்குக் காரணம் பணக்காரங்க இல்ல. அவங்களைப் பாத்து அதே மாதிரி பண்ணணும்னு கடன்ல விழுற சாதாரணக் குடும்பங்க.

எங்க கம்பெனி ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ஒருத்தர் அப்படித்தான் விழுந்தார். மாமனார் அடக்கத்துக்கு மருமகன்ங்கிற முறையில ஒரு மாடு கொண்டு போகணும், கையில காசு இல்ல, போன்ல லோன் ஆப்ல வாங்கிட்டார். தவணை தப்பின மூணாவது வாரம் எங்க ஆபீஸ்ல இருக்கிற எல்லார் போனுக்கும் மெசேஜ் வந்துச்சு, அவர் போட்டோவைப் போட்டு "இவன் திருடன், கடனைக் கட்டாம ஓடுறான்"னு. அவர் போன்ல சேவ் பண்ணி வச்சிருந்த அத்தனை நம்பருக்கும் அனுப்பியிருக்காங்க, மாமனார் வீட்டுக்காரங்க உட்பட. மனுஷன் ரெண்டு நாள் வேலைக்கு வரல, மூணாவது நாள் வந்து யார் முகத்தையும் பாக்காம வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். மாடு கொண்டு போன அன்னிக்கு எத்தனை பேர் கை தட்டினாங்களோ அத்தனை பேருக்கும் அந்த மெசேஜ் போயிருக்கும். அவர் பொண்ணோட ஸ்கூல் ஃபீஸ் அந்த வருஷம் கட்டல.

ரெண்டாவது அறுப்பு போன். கேள்வியில செலிப்ரிட்டி பைத்தியம்னு கேட்டிருந்தீங்களே, அது இங்கதான் வருது. முன்னாடியும் பெரிய மனுஷங்க வீட்டு விசேஷத்தைப் பாக்குற ஆசை இருந்துச்சு, 1996ல டெலே மோமோடுங்கிற பத்திரிகையாளர் லண்டன்ல இருந்து ஆரம்பிச்ச ஒவேஷன் பத்திரிகை முழுக்க முழுக்க பளபள பேப்பர்ல பணக்காரங்க கல்யாணம், பிறந்தநாள் போட்டோதான், சலூன்ல முடி பின்னிக்கிற பொண்ணுங்க பக்கம் பக்கமா புரட்டிட்டு இருப்பாங்க. அப்புறம் இன்டர்நெட்ல பிளாக் (blog) வந்துச்சு, இன்ஸ்டாகிராம் வந்துச்சு, 2017ல இருந்து நம்ம பிக் பாஸ் மாதிரி பிக் பிரதர் நைஜா வருஷாவருஷம் வருது. அதுல நான் நேர்ல பாத்தது: எங்க ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு, மாசச் சம்பளம் 60,000 நைராவைத் தாண்டாது, ஒரு ஓட்டுக்கு 30 நைரான்னு எஸ்எம்எஸ் அனுப்பி அனுப்பி ரீசார்ஜ் காலி பண்ணுவா. ஷோ முடிஞ்சு வெளிய வர்றவங்களுக்கு ரசிகர்களே காசு சேத்து கார் வாங்கித் தர்றாங்க, பெட்டி நிறைய நோட்டு தர்றாங்க, 2020ல எரிக்காங்கிற போட்டியாளரை விதிமீறல்னு வெளிய அனுப்பினப்போ உடனே ஆன்லைன்ல உண்டியல் போட்டாங்க. 2023ல பரிசு 12 கோடி நைரா, அதைத் தாண்டி ரசிகர்கள் தர்றது தனி.

இதுல நீங்க கவனிக்க வேண்டிய ஒரு மாற்றம் இருக்கு. பாபா வீட்டுப் பந்தல்ல பாட்டுக்காரர் நின்னுட்டு பாடுவார், பணக்காரர் உக்காந்திருப்பார், பேர் சொல்லிப் புகழ்ந்தா மேல இருந்து நோட்டு விழும். இப்போ பாட்டுக்காரரே அந்த சேர்ல உக்காந்துட்டார், புகழ்ந்து பாடுற வேலையை ரசிகன் எடுத்துக்கிட்டான், அதுவும் சொந்தக் காசைப் போட்டு. விஸ்கிட்ங்கிற பாட்டுக்காரருக்கு விஸ்கிட் எஃப்சின்னு ஒரு ரசிகர் கூட்டம், இன்னொரு பாட்டுக்காரர் டேவிடோவுக்கு 30பிஜின்னு ஒரு கூட்டம், யார் தலைவரோட வாட்ச் விலை ஜாஸ்தி, யார் தலைவர்கிட்ட எத்தனை கார்னு ராத்திரி முழுக்க சண்டை போடுறாங்க, சண்டை போடுற பையன் டான்ஃபோ வேன்ல நசுங்கிக்கிட்டு வேலைக்குப் போறவன். டேவிடோவோட அப்பா பெரிய கோடீஸ்வரர், அவரே தன்னை ஓமோ பாபா ஒலோவோ, பணக்கார அப்பன் மகன்னு சொல்லித்தான் அறிமுகம் ஆனார், அதை யாரும் குறையா எடுத்துக்கல, பெருமையா ஏத்துக்கிட்டாங்க.

அந்த டேவிடோ விஷயத்துல ஒண்ணு சொல்லணும், அது நல்ல விஷயம். 2021 நவம்பர் 17ஆம் தேதி ட்விட்டர்ல தன் அக்கவுண்ட் நம்பரைப் போட்டு, நான் ஹிட் பாட்டு கொடுத்த நண்பர்கள் எல்லாம் ஆளுக்கு 10 லட்சம் நைரா அனுப்புங்க, போர்ட்ல நிக்கிற என் ரோல்ஸ் ராய்ஸை வெளிய எடுக்கணும்னு கேட்டார். ஓரிரு நாள்ல 20 கோடி நைராவுக்கு மேல வந்துச்சு. எனக்கு அன்னிக்கு பயங்கர கோபம், ஆபீஸ்ல சத்தமாவே திட்டினேன். பாபா ஒண்ணும் சொல்லாம கேட்டுட்டு, "பொறு, அவன் அதைத் தனியா சாப்பிட முடியாது, ஊரே பாத்துட்டு இருக்கு"ன்னார். அதே வாரத்துல டேவிடோ தன் காசு 5 கோடி சேத்து மொத்தம் 25 கோடியை அனாதை இல்லங்களுக்குக் கொடுக்கிறதா அறிவிச்சார். பழைய கணக்கு இன்னும் கொஞ்சம் உயிரோட இருக்குங்கிறதுக்கு இதைத்தான் நான் உதாரணமா சொல்வேன், ஊர் பாக்க வாங்கினவன் ஊர் பாக்க கொடுத்தாகணும்.

ஆனா எல்லாரும் அப்படி இல்ல, போன் அந்தக் கட்டாயத்தை எடுத்துடுச்சு. ரமோன் அப்பாஸ், ஹஷ்பப்பின்னா உலகத்துக்கே தெரியும், லாகோஸ்ல ஒவொரோன்ஷோகி பக்கம் சாதாரணக் குடும்பத்துல வளந்தவன், ஒக்ரிகான்னு சொல்ற பழைய துணி வித்தவன்னு சொல்வாங்க. துபாய்ல இருந்துக்கிட்டு கூச்சி (Gucci) கம்பெனிப் பையும் ரோல்ஸ் ராய்ஸும் பிரைவேட் ஜெட்டுமா போட்டோ போட்டான், 20 லட்சத்துக்கு மேல ஃபாலோயர்ஸ். எங்க பேக்கிங் செக்‌ஷன் பசங்க பாதிப் பேர் போன்ல வால்பேப்பரே அவன்தான். 2020 ஜூன்ல துபாய் போலீஸ் தூக்கினப்போ 13 சொகுசு கார், சுமார் 4 கோடி டாலர் பெறுமான காசுன்னு கணக்கு சொன்னாங்க. ஆபீஸ் இமெயிலுக்குள்ள புகுந்து பணத்தைத் திருப்பி விடுறது, கத்தார்ல ஸ்கூல் கட்ட லோன் தேடின ஒருத்தரை ஏமாத்தினதுன்னு கேஸ், 2022 நவம்பர்ல அமெரிக்க கோர்ட் 11 வருஷம் 3 மாசம் கொடுத்துச்சு. அதுக்கு முன்னாடியே ஒபின்வானே ஒகேகேன்னு இன்னொருத்தர், 2016ல ஃபோர்ப்ஸ் ஆப்பிரிக்கா 30 வயசுக்குள்ள 30 பேர்னு போட்ட பட்டியல்ல வந்தவர், ஒரே கம்பெனிகிட்ட 1 கோடியே 10 லட்சம் டாலர் மோசடின்னு 2021ல 10 வருஷம் உள்ள போனார்.

பந்தல்ல ஸ்ப்ரே பண்றவனை தெருவுக்கே தெரியும், அவன் அப்பன் யாரு, என்ன தொழில்னு தெரியும், விழுற நோட்டு யார் பைக்குப் போகுதுன்னும் தெரியும். ஹஷ்பப்பி போட்டோவுல ரெண்டுமே கிடையாது, காசு எங்க இருந்து வந்துச்சுன்னும் தெரியாது, அதுல பத்து நைரா கூட பாக்குறவன் தெருவுல விழாது, காட்டுறது மட்டும்தான் மிச்சம். அதைப் பாத்துட்டு உக்காந்திருக்கிற 20 வயசுப் பையனுக்கு என்ன தோணும்? கமெண்ட்ல "காட் வென்"னு எழுதுவாங்க, கடவுளே எனக்கு எப்போன்னு அர்த்தம். காசில்லாத நிலைமைக்கு அவங்க "சபா"ன்னு ஒரு பேர் வச்சிருக்காங்க, ஒரு பேய் பிடிச்ச மாதிரி "சபா என்னைப் பிடிச்சிருக்கு"ன்னு பேசுவாங்க. டிகிரி முடிச்சிட்டு நாலு வருஷம் வேலை தேடின பையன் கடைசியில லேப்டாப் எடுத்துட்டு யாஹூ பாய், அதாவது ஆன்லைன் மோசடிக்காரன், ஆகுறான், அவங்க அம்மா எங்க இருந்துடா இந்தக் காசுன்னு கேக்கிறதில்ல, சர்ச்சுல சாட்சி சொல்லி நன்றிக் காணிக்கை போடுறாங்க. இது எனக்கு மனசு ரொம்ப கஷ்டமான விஷயம், ஏன்னா அந்த அம்மாக்கள்ல சில பேரை எனக்குத் தெரியும், அவங்க கெட்டவங்க இல்ல.

இதுக்கு விலை கொடுத்தது தப்பு பண்ணாத பசங்க. நல்ல போன் வச்சிருந்தா, முடியை சடை விட்டிருந்தா, கார் ஓட்டினா யாஹூ பாய்னு சொல்லி சார்ஸ்ங்கிற கொள்ளைத் தடுப்புத் தனிப்படை போலீஸ் ரோட்டுல நிறுத்தி அடிக்கிறது, ஏடிஎம்முக்குக் கூட்டிட்டுப் போய் காசு எடுக்க வைக்கிறதுன்னு வருஷக்கணக்கா நடந்துச்சு. அதை எதிர்த்துதான் 2020 அக்டோபர்ல நாடு முழுக்க இளைஞர்கள் தெருவுக்கு வந்தாங்க, 20ஆம் தேதி ராத்திரி லாகோஸ்ல லெக்கி டோல்கேட்ல ராணுவம் சுட்டுச்சு. எங்க ஐடி பையன், மரியாதையா சம்பாதிச்சு லேப்டாப் வாங்கினவன், அதை ஸ்கூல் பையில பழைய நோட்டுக்கு நடுவுல ஒளிச்சு வச்சுதான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவான்.

சட்டம் என்ன பண்ணுதுன்னு கேப்பீங்க. 2007 மத்திய வங்கிச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி நோட்டை ஸ்ப்ரே பண்றது, அது மேல ஆடுறது, மிதிக்கிறது எல்லாம் குற்றம், குறைஞ்சது 6 மாசம் ஜெயில் இல்ல 50,000 நைரா அபராதம், இல்ல ரெண்டுமே. பல வருஷம் அதை யாரும் பெருசா தொட்டதில்ல, 2024ல திடீர்னு பொருளாதாரக் குற்றப்பிரிவு எடுத்துச்சு. பிப்ரவரியில ஒரு நடிகைக்கு தண்டனை, ஏப்ரல்ல பாப்ரிஸ்கிங்கிற பிரபலத்துக்கு அபராதம் கட்டித் தப்பிக்க வழியே கொடுக்காம 6 மாசம் ஜெயில், வழக்குல சொன்ன மொத்தத் தொகை 4,90,000 நைரா, அன்னிக்கு ரேட்டுக்கு சுமார் 400 டாலர். நோட்டை மிதிக்கிறது தப்புதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா 2018ல ஷெஹு சானிங்கிற செனட்டரே வாயைத் திறந்து, சம்பளம் போக மாசம் 1 கோடியே 35 லட்சம் நைரா செலவுக்குன்னு ஒவ்வொரு செனட்டருக்கும் வருதுன்னு சொன்னார், அப்போ குறைந்தபட்ச மாசக் கூலி 18,000. 2021 ஆகஸ்ட்ல ஜனாதிபதி மகன் கல்யாணத்துக்கு கானோவுக்கு பிரைவேட் ஜெட் வரிசையா வந்து இறங்குச்சு. இதையெல்லாம் பாத்த ஜனம் பாப்ரிஸ்கி தீர்ப்பைக் கேட்டு நியாயம் கிடைச்சுதுன்னு நினைப்பாங்களா? எங்க பாபா மாதிரி ஆளுங்களுக்கு அந்தச் சட்டத்தால வந்த ஒரே மாற்றம், குடை நிழல்ல உக்காந்திருந்த மிண்ட் அம்மா இப்போ பக்கத்து சந்துக்குள்ள உக்காருறாங்க.

எல்லா நைஜீரியரும் இப்படித்தான்னு தயவுசெஞ்சு நினைச்சுடாதீங்க. ஆப்பிரிக்காவோட பெரிய பணக்காரர் டாங்கோட்டே தன்னோட சிமெண்ட்டையும் ரிஃபைனரியையும் தவிர வேற எதையும் காட்டிக்கிறவர் இல்ல. எங்க அக்கவுண்ட்ஸ்ல சீனியர் மேடம் ஒருத்தங்க தன் அப்பா அடக்கத்தை காலையில ஜெபம், மதியம் சோறுன்னு முடிச்சாங்க, சொந்தக்காரங்க பேசினதை எல்லாம் தாங்கிட்டாங்க. காசே இல்லாம காசு இருக்கிற மாதிரி பேசுறவனை அவங்களே "ஆடியோ மணி"ன்னு சொல்வாங்க, சத்தம் மட்டும் வரும், காசு வராதுன்னு. நாம வெளியில இருந்து கேக்கிற கேள்வியை அவங்க உள்ள இருந்து நம்மளை விடக் கடுமையா கேட்டுட்டுதான் இருக்காங்க.

2023 மே மாசம் பெட்ரோல் மானியத்தை எடுத்தாங்க, ஜூன்ல நைராவை சந்தை விலைக்கு விட்டாங்க, 460ல இருந்த டாலர் அடுத்த வருஷமே 1,500ஐத் தாண்டிடுச்சு. அதுக்கப்புறம் நான் ஊர் திரும்பிட்டேன். பாபா ரிட்டையர் ஆகிட்டார், ஆனா பேசிட்டுதான் இருக்கோம். போன மாசம் கூப்பிட்டார், கடைசிப் பொண்ணுக்கு கல்யாணம், மாப்பிள்ளை நெவி ஊர் இக்போ பையன், சம்பந்தி வீட்டுப் பொம்பளைங்களுக்கு ஜார்ஜ் துணி எடுக்கணும், பாலோகுன்ல விலை கேக்கவே முடியல, "நீ மெட்ராஸ்ல தானே இருக்கே, அங்க இருந்துதானே வருது, விசாரி"ன்னார். எத்தனை பேருக்குன்னு கேட்டேன். முன்னாடின்னா 200ன்னு சொல்லியிருப்பார், இப்போ கொஞ்ச நேரம் யோசிச்சு "40 பேருக்கு மட்டும், ஆனா நல்ல துணியா இருக்கணும், மகனே"ன்னார். சவுகார்பேட்டை பக்கம் எக்ஸ்போர்ட் பண்ற ஒருத்தரைப் பிடிச்சு ரெண்டு சாம்பிள் வாங்கி போட்டோ அனுப்பியிருக்கேன், ஒயின் கலர் ஒண்ணு, பச்சை ஒண்ணு. வீட்டம்மாகிட்ட காட்டிட்டு சொல்றேன்னு சொல்லியிருக்கார், நானும் காத்துட்டிருக்கேன்.